ஜாகிர் உசேன் பதவியேற்பிலிருந்து வி.வி.கிரி வெற்றி வரை: 1967–69 குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியரசுத் தலைவர் பதவியில் இருக்கும்போதே ஒருவர் இறந்தது இந்தியாவில் முதன்முறையாக 1969 மே 3 அன்று, ஜாகிர் உசேன் மறைந்தபோது நடந்தது. அடுத்த நான்கு மாதங்களுக்குள் அந்த நாற்காலியின் பொறுப்பு மூன்று முறை கைமாறியது, ஒரு புதுச் சட்டம் வந்தது, ஆளுங்கட்சியான காங்கிரஸ் பிளவின் விளிம்புக்கு வந்தது. போட்டித் தேர்வு எழுதுபவர்களும் அரசியல் வரலாறு படிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம்.

ஜாகிர் உசேன் எப்போது, எப்படிப் பதவியேற்றார்?

1967 மே 13 அன்று, நாடாளுமன்ற மைய மண்டபத்தில். உறுதிமொழி செய்துவைத்தவர் அப்போதைய தலைமை நீதிபதி கே.என்.வாஞ்சூ. வாஞ்சூ அந்த இடத்துக்கு வந்தே ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அவருக்கு முன் தலைமை நீதிபதியாக இருந்த கோகா சுப்பா ராவ், எதிர்க்கட்சிகளின் வேட்பாளராக ஜாகிர் உசேனை எதிர்த்துப் போட்டியிடுவதற்காகவே ஏப்ரலில் பதவி விலகியிருந்தார். அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் திருத்திப் பறிக்க முடியாது என்ற கோலக்நாத் தீர்ப்பை வழங்கிய அமர்வுக்குத் தலைமை தாங்கியவர் இவர்தான்.

முடிவு: ஜாகிர் உசேன் 4,71,244, சுப்பா ராவ் 3,63,971. இவை வாக்காளர்களின் எண்ணிக்கை அல்ல, வாக்குகளின் மதிப்பு. இதைப் பற்றிக் கீழே விரிவாக வருகிறது. களத்தில் மொத்தம் 17 பேர் இருந்தும் முதல் சுற்றிலேயே கதை முடிந்துவிட்டது.

அதே நாளில் வி.வி.கிரி குடியரசுத் துணைத் தலைவரானார்.

பதவியேற்பில் சட்டப்படி கட்டாயமானது எது, மரபு எது?

கட்டாயமானது ஒன்றே ஒன்று: அரசியலமைப்பின் 60-ஆவது பிரிவு சொல்லும் உறுதிமொழியை, உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி முன்னிலையில் எடுத்துக் கையெழுத்திட வேண்டும். அவர் இல்லையென்றால், இருக்கும் நீதிபதிகளில் மூத்தவர் முன்னிலையில். அரசியலமைப்பையும் சட்டத்தையும் காப்பேன், நாட்டு மக்களின் நலனுக்காக உழைப்பேன் என்பது அதன் சாரம். அமைச்சர்கள், எம்.பி.க்கள், நீதிபதிகள் ஆகியோருக்கான உறுதிமொழிகள் மூன்றாவது அட்டவணையில் இருக்கின்றன. குடியரசுத் தலைவருக்கானது அந்த அட்டவணையில் தேடினால் கிடைக்காது. தேர்வில் பலர் கோட்டை விடும் இடம் இது.

பழைய தலைவரும் புதியவரும் ஒன்றாக ஊர்வலமாக வருவது, உறுதிமொழி முடிந்ததும் இருக்கை மாற்றிக்கொள்வது, 21 குண்டு முழக்கம் ஆகியவை மரபு. நடக்காவிட்டாலும் பதவியேற்பு செல்லும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 60-ஆவது பிரிவு, பொறுப்பாகச் செயல்படுபவருக்கும் பணிகளை மட்டும் கவனிப்பவருக்கும் அதே உறுதிமொழியைக் கேட்கிறது. ஆகவே 1969-இல் கிரியும் அவருக்குப் பின் தலைமை நீதிபதி ஹிதாயத்துல்லாவும் இந்த உறுதிமொழி இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியாது.

ஜாகிர் உசேன் இறந்த அன்று என்ன நடந்தது?

குடியரசுத் தலைவர் மாளிகையிலேயே மாரடைப்பால் இறந்தார். பதவியில் இரண்டு ஆண்டுகள்கூட நிறைவடையவில்லை, பத்து நாள் குறைவு. டெல்லியில் அவர் வளர்த்தெடுத்த ஜாமியா மில்லியா இஸ்லாமியா வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அன்றே கிரி பொறுப்பேற்றார்.

கிரி அன்றைக்குக் குடியரசுத் தலைவர் ஆகிவிட்டாரா?

இல்லை. இந்த இடத்தில்தான் அமெரிக்காவோடு குழப்பிக்கொள்கிறார்கள். அங்கே 1841-இல் வில்லியம் ஹென்றி ஹாரிசன் பதவியேற்ற ஒரே மாதத்தில் இறந்தபோது, துணை அதிபர் ஜான் டைலர் ‘நான் பொறுப்பு அல்ல, நானே அதிபர்’ என்று நின்று, மிச்சமிருந்த ஏறக்குறைய நான்கு ஆண்டுகளையும் ஆண்டு முடித்தார். அந்த முன்மாதிரியே அங்கு நிலைத்தது.

இந்திய அரசியலமைப்பில் அந்த வழி கிடையாது. 65(1)-ஆவது பிரிவின்படி, துணைத் தலைவர் புதியவர் வரும்வரை குடியரசுத் தலைவராகச் ‘செயல்படுவார்’. அவ்வளவுதான். 62(2)-ஆவது பிரிவின்படி, இடம் காலியான நாளிலிருந்து 6 மாதத்துக்குள் தேர்தல் நடந்தாக வேண்டும். அதில் வெல்பவருக்கு இறந்தவரின் மிச்சக் காலம் அல்ல, முழுதாக 5 ஆண்டுகள் கிடைக்கும்.

பொறுப்பில் இருப்பவரின் அதிகாரம் குறைவா?

துளியும் குறைவில்லை. 65(3)-ஆவது பிரிவு அதிகாரம், பாதுகாப்பு, சம்பளம், படிகள் எல்லாவற்றையும் அப்படியே தருகிறது. அவசரச் சட்டம் பிறப்பிக்கலாம், மசோதாவுக்கு ஒப்புதல் தரலாம்.

இதற்கு 1969-ஐ விடப் பெரிய சான்று வேண்டாம். 50 கோடி ரூபாய்க்கு மேல் வைப்புத்தொகை வைத்திருந்த 14 தனியார் வங்கிகளை நாட்டுடைமையாக்கிய அவசரச் சட்டத்தில் ஜூலை 19 அன்று கையெழுத்திட்டவர், பொறுப்பில் இருந்த கிரி. அதற்கு அடுத்த நாள் அவர் விலகிவிட்டார். அவசரச் சட்டத்துக்குப் பதிலாக நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்கு ஆகஸ்ட் 9 அன்று ஒப்புதல் தந்தவர், பணிகளைக் கவனித்துவந்த ஹிதாயத்துல்லா. நாட்டின் பொருளாதாரத்தையே திருப்பிப்போட்ட ஒரு நடவடிக்கையின் இரண்டு கட்டங்களிலும், தேர்ந்தெடுக்கப்பட்ட குடியரசுத் தலைவர் ஒருவர்கூட இல்லை!

1970 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. இழப்பீடு, பாகுபாடு பற்றிய காரணங்களுக்காகத்தான். பொறுப்பில் இருந்தவர் கையெழுத்திட்டார் என்பதற்காக அல்ல. வழக்கை விசாரித்த 11 நீதிபதிகளில் தலைமை நீதிபதியான ஹிதாயத்துல்லா இடம்பெறவில்லை. அரசு புதிய சட்டம் கொண்டுவந்து நாட்டுடைமையைத் தக்கவைத்தது.

துணைத் தலைவர் பொறுப்பேற்றால் மாநிலங்களவையை யார் நடத்துவது?

64-ஆவது பிரிவின்படி, குடியரசுத் தலைவராகச் செயல்படும் காலத்தில் அவர் அவைத்தலைவர் வேலையைப் பார்க்கக் கூடாது, அதற்கான சம்பளத்தையும் வாங்கக் கூடாது. துணை அவைத்தலைவர் நடத்துவார். 1969-இல் அந்தப் பொறுப்பில் இருந்தவர் வயலெட் ஆல்வா.

1969-இல் திடீரென ஒரு புதுச் சட்டம் ஏன் தேவைப்பட்டது?

அரசியலமைப்பை எழுதியவர்கள் ஒரு நாற்காலி காலியாவதற்கு மட்டுமே வழி சொல்லியிருந்தார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் காலியானால் என்ன என்பதை 70-ஆவது பிரிவில் ‘நாடாளுமன்றம் ஏற்பாடு செய்யலாம்’ என்று விட்டுவிட்டார்கள். 19 ஆண்டுகளாக யாரும் அந்த ஏற்பாட்டைச் செய்யவில்லை. ஜாகிர் உசேன் இறந்த பிறகு கிரி ஒருவர்தான் மிச்சம். அவருக்கு ஏதாவது ஆனாலோ, அவர் விலகினாலோ, அவசரச் சட்டத்தில் கையெழுத்துப் போடக்கூட நாட்டில் ஆள் கிடையாது.

எனவே மே 28 அன்று ‘குடியரசுத் தலைவர் பணிகளை ஆற்றுதல் சட்டம், 1969’ வந்தது. மிகச் சிறிய சட்டம். சாரம் இதுதான்: இரண்டு பதவிகளும் மரணம், விலகல், நீக்கம் அல்லது வேறு காரணத்தால் காலியாக இருந்தால், உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி பணிகளை ஆற்றுவார். அவர் இல்லையென்றால், இருக்கும் நீதிபதிகளில் மூத்தவர். புதிய குடியரசுத் தலைவரோ புதிய துணைத் தலைவரோ, யார் முதலில் வந்தாலும் அவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும்.

இந்தச் சட்டம் வந்து இரண்டு மாதம் ஆவதற்குள்ளேயே அதற்கு வேலை வந்துவிட்டது. அது மட்டும் இல்லாமல் கிரி ஜூலை 20 அன்று விலகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த ஆண்டைப் பற்றிப் பேசும்போது பிரதமர் இந்திராவுக்கும் ‘சிண்டிகேட்’ எனப்பட்ட காங்கிரஸ் மூத்த தலைவர்களுக்கும் நடந்த மோதலையே எல்லோரும் எடுக்கிறார்கள். எங்களைக் கேட்டால், இந்தச் சிறு சட்டம்தான் அந்த 35 நாட்களைத் தாங்கிப் பிடித்தது.

மக்களவைத் தலைவரிடம் ஏன் பொறுப்பைத் தரவில்லை?

சட்டம் கட்சி சாராத ஒருவரைத் தேர்ந்துகொண்டது. நல்லவேளை என்றே சொல்ல வேண்டும். அப்போதைய மக்களவைத் தலைவர் நீலம் சஞ்சீவ ரெட்டி. சில வாரங்களில் அவரே காங்கிரஸ் வேட்பாளராகக் களத்தில் இறங்கினார். தலைமை நீதிபதிக்குப் பதில் அவர் பெயர் சட்டத்தில் இருந்திருந்தால், விலகிய ஒரு வேட்பாளரின் இடத்துக்கு எதிர் வேட்பாளரே வந்து உட்கார்ந்திருப்பார்.

கிரி விலகியே ஆகவேண்டும் என்று சட்டம் சொன்னதா?

சொல்லவில்லை. ஆதாயம் தரும் பதவியில் இருப்பவர் போட்டியிட முடியாது என்கிறது 58(2). ஆனால் அதே பிரிவின் விளக்கம், குடியரசுத் தலைவர், துணைத் தலைவர், ஆளுநர், அமைச்சர் பதவிகள் அந்தக் கணக்கில் வராது என்று விலக்கு தருகிறது. 1962-இல் ராதாகிருஷ்ணனும் 1967-இல் ஜாகிர் உசேனும் துணைத் தலைவர்களாக இருந்துகொண்டேதான் போட்டியிட்டார்கள்.

ஆனால் கிரியின் நிலை வேறு. அவர் வெறும் துணைத் தலைவர் அல்ல, நாட்டின் தலைவராகச் செயல்பட்டுக்கொண்டிருந்தவர். அதுவும் ஆளுங்கட்சியின் அதிகாரபூர்வ வேட்பாளரை எதிர்த்து, சுயேச்சையாக. அந்த மாளிகையில் இருந்துகொண்டு ஓட்டுக் கேட்பது நன்றாக இருக்காது. ஆகவே இந்த விலகல் சட்டத்துக்காக நடந்ததல்ல, முறைக்காக நடந்தது.

அவர் யாரிடம் விலகல் கடிதம் கொடுக்க வேண்டும்?

குடியரசுத் தலைவர் விலகினால் துணைத் தலைவருக்கு எழுத வேண்டும் (56-ஆவது பிரிவு). துணைத் தலைவர் விலகினால் குடியரசுத் தலைவருக்கு எழுத வேண்டும் (67-ஆவது பிரிவு). இரண்டு வேலையையும் ஒரே ஆள் பார்க்கும்போது இரண்டு பிரிவுகளும் அவரிடமே திரும்பி வருகின்றன. கிரி வகித்த பதவி துணைத் தலைவர் பதவிதான், ஆகவே 67-ஆவது பிரிவே பொருந்தும் என்று வாதிடலாம். பெறுபவர் யார் என்பதற்கு அந்தப் பிரிவில் நேரடி விடை இல்லை. நடைமுறையில் அன்றே ஹிதாயத்துல்லா பொறுப்பேற்று, ஆகஸ்ட் 24 வரை இருந்தார்.

அந்த 35 நாட்களில் உச்ச நீதிமன்றத் தலைமை யாரிடம் இருந்தது?

மூத்த நீதிபதி ஜே.சி.ஷா பொறுப்புத் தலைமை நீதிபதியாக இருந்தார். ஹிதாயத்துல்லா தலைமை நீதிபதி பதவியைத் துறக்கவில்லை. பணி முடிந்து திரும்பி, 1970 டிசம்பர் வரை அதில் நீடித்தார். இடையில், ஜூலை 31 அன்று டெல்லி வந்த அமெரிக்க அதிபர் நிக்சனை நாட்டின் சார்பில் வரவேற்கும் வேலையும் அவருக்கு வாய்த்தது.

பின்னாளில் அவர் துணைத் தலைவரும் ஆனார். 1982 அக்டோபரில் ஜெயில் சிங் சிகிச்சைக்காக வெளிநாடு சென்றபோது மறுபடியும் அதே நாற்காலி. ஒருமுறை நீதிபதியாக, ஒருமுறை துணைத் தலைவராக என்று இரண்டு வழிகளிலும் அங்கு போனவர் அவர் ஒருவர்தான்.

ஆளுங்கட்சிக்குள் என்ன சண்டை?

சுருக்கமாகச் சொன்னால்: காமராஜர், நிஜலிங்கப்பா, எஸ்.கே.பாட்டீல், அதுல்ய கோஷ் உள்ளிட்ட மூத்தவர்களின் குழுவைப் பத்திரிகைகள் ‘சிண்டிகேட்’ என்றன. 1969 ஜூலையில் பெங்களூரில் கூடியபோது, பிரதமர் இந்திரா விரும்பிய ஜகஜீவன் ராமை விட்டுவிட்டு, கட்சியின் நாடாளுமன்றக் குழு சஞ்சீவ ரெட்டியைத் தேர்ந்தெடுத்தது. மறுநாளே கிரி தானும் நிற்பதாக அறிவித்தார். இந்திரா மொரார்ஜி தேசாயிடமிருந்து நிதித் துறையை எடுத்தார், வங்கிகளை நாட்டுடைமையாக்கினார்.

வேடிக்கை என்னவென்றால், சஞ்சீவ ரெட்டியின் வேட்புமனுவை முன்மொழிந்து கையெழுத்திட்டவர் இந்திராதான். பிறகு நிஜலிங்கப்பா, ரெட்டிக்கு இரண்டாம் விருப்ப வாக்கு கேட்டு ஜனசங்கத்தையும் சுதந்திராக் கட்சியையும் அணுகினார். அதைக் காரணம் காட்டி இந்திரா, கட்சி வேட்பாளருக்கே வாக்களிக்க வேண்டும் என்ற கொறடா உத்தரவைப் போட மறுத்தார். மனசாட்சிப்படி வாக்களியுங்கள் என்றார்.

கொறடா உத்தரவை மீறினால் பதவி போகுமா?

போகாது. அன்றைக்குக் கட்சித் தாவல் தடைச் சட்டமே கிடையாது, அது 1985-இல் வந்தது. இன்றைக்கும் குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு அது பொருந்தாது. ரகசிய வாக்கெடுப்பு என்பதால் யார் எங்கே போட்டார் என்று நிரூபிப்பதும் கடினம். கட்சி வேண்டுமானால் தன் அளவில் நடவடிக்கை எடுக்கலாம்.

வாக்கு மதிப்பு எப்படிக் கணக்கிடப்படுகிறது?

தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் மட்டுமே வாக்களிப்பார்கள். நியமன உறுப்பினர்களுக்கும் மாநிலச் சட்ட மேலவை உறுப்பினர்களுக்கும் வாக்கு இல்லை.

ஒரு எம்.எல்.ஏ.யின் மதிப்பு: மாநில மக்கள்தொகையைத் தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.எல்.ஏ.க்களின் எண்ணிக்கையால் வகுத்து, வருவதை 1,000-ஆல் வகுக்க வேண்டும். மீதி 500-க்குக் குறையாமல் இருந்தால் ஒன்று கூட்ட வேண்டும். 1969-இல் 1961 மக்கள்தொகைக் கணக்கு பயன்பட்டது. தமிழ்நாட்டுக்குப் போட்டுப் பார்ப்போம்: 3,36,86,953-ஐ 234-ஆல் வகுத்தால் சுமார் 1,43,961. ஆயிரத்தால் வகுத்தால் 143, மீதி 961. மீதி ஐந்நூறைத் தாண்டுவதால் 144. மொத்தப் பேரவைக்கும் சேர்த்து 234 × 144 = 33,696.

ஒரு எம்.பி.யின் மதிப்பு: எல்லா மாநில எம்.எல்.ஏ.க்களின் மொத்த மதிப்பை, தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.பி.க்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 1969-இல் அது 576.

பின்னர் 1971 கணக்கோடு மக்கள்தொகை எண்ணை நிறுத்திவைத்துவிட்டார்கள். அதனால்தான் தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.யின் மதிப்பு இத்தனை தேர்தலாக 176 என்றே நிற்கிறது. புதுச்சேரி எம்.எல்.ஏ.க்களுக்கு 1969-இல் வாக்கே கிடையாது. 70-ஆவது திருத்தத்துக்குப் பிறகுதான் டெல்லியோடு சேர்த்து அவர்களும் வாக்காளர் குழுவில் வந்தார்கள்.

வாக்குச்சீட்டில் எப்படிக் குறிக்க வேண்டும்? எது செல்லாமல் போகும்?

பெயருக்கு எதிரே 1, 2, 3 என்று எண்ணால் விருப்ப வரிசையைக் குறிக்க வேண்டும். முதல் விருப்பம் கட்டாயம், மற்றவை வாக்காளரின் விருப்பம். ‘ஒன்று’ என்று எழுத்தில் எழுதினால் செல்லாது. 1 என்ற எண்ணே இல்லாவிட்டாலோ, இரண்டு பேருக்கு எதிரே 1 போட்டாலோ செல்லாது. பெயர் எழுதுவது போன்ற அடையாளம் தெரியும் எந்தக் குறியும் கூடாது.

‘2’ இல்லாத சீட்டு செல்லாத சீட்டு என்று நினைப்பவர்கள் உண்டு. அது செல்லும். ஆனால் அந்த முதல் வேட்பாளர் வெளியேற்றப்பட்டால், சீட்டு அத்தோடு தீர்ந்துவிடும். 1969-இன் கணக்கைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயம் போதும்.

1969-இல் எண்ணிக்கை எப்படிப் போனது?

வாக்குப்பதிவு ஆகஸ்ட் 16, எண்ணிக்கை ஆகஸ்ட் 20. களத்தில் 15 பேர். செல்லத்தக்க வாக்குகளின் மொத்த மதிப்பு 8,36,337. வெற்றிக்கான கோட்டா, அதில் பாதியைத் தாண்டிய முழு எண்: 4,18,169.

முதல் விருப்ப வாக்குகளில் கிரி 4,01,515, சஞ்சீவ ரெட்டி 3,13,548. சுதந்திராக் கட்சியும் ஜனசங்கமும் நிறுத்திய முன்னாள் நிதியமைச்சர் சி.டி.தேஷ்முக் 1,12,769. மிச்சம் 8,505-ஐச் சில்லறை வேட்பாளர்கள் பங்குபோட்டார்கள். சிலருக்கு ஒரு வாக்குகூட இல்லை. கோட்டாவை யாரும் தொடவில்லை. இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலில் இரண்டாம் விருப்பம் வரை எண்ணிக்கை போய் முடிவு வந்தது அந்த ஒரு முறைதான்.

பிறகு கடைசியில் இருப்பவரை ஒவ்வொருவராக வெளியேற்றி, அவருடைய சீட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றினார்கள். சீட்டின் மதிப்பு மாறாது. எம்.பி. போட்ட சீட்டு எந்தச் சுற்றிலும் 576-தான். தேஷ்முக் வெளியேறியதும் இருவர் மட்டுமே மிஞ்சினார்கள்: கிரி 4,20,077, ரெட்டி 4,05,427.

இந்த எண்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். மாற்றப்பட வேண்டிய மதிப்பு 1,12,769 + 8,505 = 1,21,274. அதில் ரெட்டிக்குப் போனது 91,879, கிரிக்குப் போனது வெறும் 18,562, அடுத்த விருப்பம் இல்லாமல் தீர்ந்தது 10,833. அதாவது இரண்டாம் விருப்பச் சுற்றில் ரெட்டி அடித்து நொறுக்கினார். நிஜலிங்கப்பா பேசிய பேச்சு வேலை செய்தது. ‘கிரி இரண்டாம் விருப்பத்தால் வென்றார்’ என்று எழுதுவது பாதிதான் உண்மை. முதல் சுற்றில் சேர்த்துவைத்த 87,967 முன்னிலைதான் அவரைக் கரையேற்றியது. இரண்டாம் சுற்று அதில் பெரும்பகுதியைத் தின்று 14,650-ஆகக் குறைத்துவிட்டது.

எவ்வளவு நெருக்கமான வெற்றி?

கோட்டாவைத் தாண்டியது 1,908 மட்டுமே. நான்கு எம்.பி.க்களின் வாக்கு குறைந்திருந்தால் கோட்டாவைத் தொட்டிருக்க மாட்டார். ஆனால் தோற்றிருக்கவும் மாட்டார். விதிப்படி, இருவர் மட்டும் மிஞ்சி யாரும் கோட்டாவைத் தொடாவிட்டால் குறைவாக இருப்பவர் வெளியேற்றப்படுவார், மற்றவர் வெற்றி. ‘நான்கு எம்.பி.க்களால் தப்பினார்’ என்பது அதனால் தவறான கணக்கு.

முடிவைத் திருப்ப 13 எம்.பி.க்கள் அணி மாற வேண்டும். 13 × 576 = 7,488. கிரியிடமிருந்து அதைக் கழித்தால் 4,12,589, ரெட்டியோடு கூட்டினால் 4,12,915. முந்நூற்றுச் சொச்சத்தில் ரெட்டி வென்றிருப்பார். 12 பேர் மாறினால் போதாது, கிரியே முன்னால் இருப்பார்.

தமிழ்நாட்டின் பங்கு என்ன?

1967 தேர்தலில் தி.மு.க. வென்ற மக்களவை இடங்கள் 25. அண்ணா 1969 பிப்ரவரியில் மறைந்து, கருணாநிதி முதலமைச்சராகியிருந்தார். தி.மு.க. கிரியை ஆதரித்தது. இரு கம்யூனிஸ்ட் கட்சிகளும் அகாலி தளமும் முஸ்லிம் லீக்கும் அதே பக்கம். 25 × 576 = 14,400. மொத்த வித்தியாசம் 14,650. பேரவையிலிருந்த தி.மு.க. பெரும்பான்மையின் மதிப்பு இதில் சேரவில்லை. மேலே சொன்ன 13 என்ற எண்ணோடு 25-ஐ வைத்துப் பார்த்தால், தி.மு.க. எதிர்ப்பக்கம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது தெரியும்.

மறுபக்கம், அந்த ஆண்டு ஜனவரியில்தான் நாகர்கோவில் இடைத்தேர்தலில் வென்று மக்களவைக்குப் போயிருந்த காமராஜர், ரெட்டியை நிறுத்திய அணியில் இருந்தார்.

கிரிக்கும் இந்தப் பக்கத்துத் தொடர்பு உண்டு. அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த பெர்ஹாம்பூரில் 1894-இல் பிறந்தவர். ரயில்வே தொழிற்சங்கத் தலைவர். 1937-இல் ராஜாஜி அமைச்சரவையில் தொழிலாளர் துறை அமைச்சர். பின்னர் இலங்கையில் இந்தியத் தூதர்.

தேர்தலை எதிர்த்து வழக்கு நடந்ததா?

நடந்தது. குடியரசுத் தலைவர் தேர்தல் வழக்குகளை உச்ச நீதிமன்றம் மட்டுமே விசாரிக்க முடியும் (71-ஆவது பிரிவு). சஞ்சீவ ரெட்டியைப் பற்றி அவதூறான துண்டறிக்கை நாடாளுமன்ற மைய மண்டபத்தில் உறுப்பினர்களிடம் கொடுக்கப்பட்டது, அது முறையற்ற செல்வாக்கு என்பது முக்கியக் குற்றச்சாட்டு. பதவியில் இருக்கும்போதே கிரி நேரில் வந்து சாட்சியம் அளித்தார். 5 நீதிபதிகள் அமர்வு 1970-இல் மனுக்களைத் தள்ளுபடி செய்தது.

15 பேர், 17 பேர் எல்லாம் எப்படிப் போட்டியிட்டார்கள்?

அன்றைக்கு ஒரு வாக்காளர் முன்மொழிந்து ஒருவர் வழிமொழிந்தால் போதும், டெபாசிட் இல்லை. 1974-இல் தலா 10 பேர், 2,500 ரூபாய் டெபாசிட் என்று ஆக்கினார்கள். 1997-இல் தலா 50 பேர், 15,000 ரூபாய். அதன்பிறகு பெரும்பாலும் இருமுனைப் போட்டிதான். இருவர் மட்டும் நிற்கும்போது இரண்டாம் விருப்பத்துக்கு வேலையே வராது.

பதவியேற்பு இப்போது ஏன் எப்போதும் ஜூலை 25?

62(2) தரும் ‘முழு 5 ஆண்டு’தான் காரணம். 1967-இல் மே 13. ஜாகிர் உசேன் இறந்ததால் தேதி ஆகஸ்ட் 24-க்கு நகர்ந்தது. 1974-இல் பக்ருதீன் அலி அகமதுவும் அதே நாளில் பதவியேற்றார். அவர் 1977 பிப்ரவரி 11 அன்று பதவியில் இறந்தார். துணைத் தலைவர் பி.டி.ஜாட்டி பொறுப்பைப் பார்த்தார், போட்டியிடவில்லை. புதியவர் ஜூலை 25 அன்று பதவியேற்றார். 1969-இல் தோற்ற அதே சஞ்சீவ ரெட்டி, இந்த முறை போட்டியின்றி. அதன்பிறகு எல்லோரும் முழுக் காலம் இருந்துவிட்டதால் தேதி அப்படியே நிற்கிறது.

துணைத் தலைவர் இடம் காலியானால் அதற்கும் 6 மாதக் கெடு உண்டா?

கிடையாது. 68(2)-ஆவது பிரிவு ‘இயன்ற அளவு விரைவில்’ என்றுதான் சொல்கிறது. 1969-இல் கிரி விலகிய ஜூலை 20 முதல் அந்த இடம் காலி. ஆகஸ்ட் 24 அன்று கிரி குடியரசுத் தலைவராகப் பதவியேற்றபோதும் காலிதான். ஆகஸ்ட் 31 அன்று கோபால் ஸ்வரூப் பாடக் பதவியேற்றார். இடைப்பட்ட அந்த ஒரு வாரத்தில் 75 வயது கிரிக்கு ஏதாவது நேர்ந்திருந்தால், மே மாதச் சட்டத்தின்படி மறுபடியும் ஹிதாயத்துல்லாவைத்தான் கூப்பிட்டிருக்க வேண்டும்.